தங்கமும் வெள்ளியும் ஒன்னாயிடுச்சு

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல நாலு வாரமா ஜப்பானிய மொழி பாடம் ஒன்னு வருதே, அத பத்தித்தான் இந்த லெட்டர். குறை சொல்லணும்னே பேனா எடுத்தவ இல்ல நான், சொல்லப்போனா தமிழ்ப் பத்திரிகைல இப்படி ஒரு பாடம் வர்றது எனக்கு ரொம்ப சந்தோஷம், வாரா வாரம் கத்தரிச்சு ஃபைல்ல வெச்சிட்டு வர்றேன். ஆனா போன வாரம் போட்ட சொல் பட்டியல்ல "கின் - தங்கம்"னு ஒரு வரி, அதுக்கு ரெண்டு வரி தள்ளி "கின் - வெள்ளி"னு இன்னொரு வரி. எங்க வீட்டுக்காரர் அத படிச்சுட்டு, "என்னம்மா இது, தங்கமும் வெள்ளியும் ஒரே பேரா, அப்ப ஒலிம்பிக்ஸ்ல எந்த மெடல் வாங்குனோம்னு அவங்க எப்படி சொல்லிக்குவாங்க"ன்னு கேக்குறார். கிண்டலாத்தான் கேட்டார், ஆனா கேள்வி நியாயமான கேள்வி.

அச்சுக்கோத்தவங்க மேல தப்பு சொல்ல மாட்டேன், தமிழ்ல அப்படித்தான் எழுத முடியும், பிரச்சனையே அதுதான். தங்கத்துக்கு வர்ற க, நம்ம 'கண்ணு'ல வர்ற க. வெள்ளிக்கு வர்றது 'கோவிந்தா'ல வர்ற கோ மாதிரி அடித்தொண்டைல அதிர்ற சத்தம். நமக்கு ரெண்டுக்கும் ஒரே எழுத்து, நாம வார்த்தைய பாத்ததும் பழக்கத்துல சரியா படிச்சிடுவோம், ஏன்னா தெரிஞ்ச வார்த்தை. தெரியாத மொழில பழக்கம் எங்கருந்து வரும். ஜப்பானியக்காரங்க இதுக்கு எழுத்தோட வலது தோள்ல ரெண்டு குட்டி கோடு போடுறாங்க, தென்-தென்னு செல்லமா சொல்வாங்க, அது இருந்தா அதிர்ற சத்தம், இல்லன்னா வல்லினம், அவ்ளோதான் வித்தியாசம், ஒன்னாங்கிளாஸ் புள்ளைக்கும் குழப்பம் வராது. நாம தமிழ்ல மாத்துன உடனே அந்த ரெண்டு கோடும் காணாம போயிடுது.

தங்கம் வெள்ளியாவது பரவால்ல. 'டென்கி'ன்னு தமிழ்ல எழுதுனா அது வானிலையாவும் இருக்கலாம், கரன்ட்டாவும் இருக்கலாம். 'டைககு'ன்னு எழுதுனா, 'டாக்டர்'ல வர்ற ட-வா படிச்சா காலேஜ், இன்னொரு விதமா 'டீச்சர்'ல வர்ற ட-வா படிச்சா படிப்ப பாதில விட்டுட்டு காலேஜ விட்டே போறது. சேர்றதுக்கும் நிக்கிறதுக்கும் ஒரே ஸ்பெல்லிங்! இத நான் சும்மா தேடிப்பிடிச்சு சொல்லல, நானே இந்த குழில விழுந்து எந்திரிச்சவ.

ரெண்டரை வருஷத்துக்கு முன்னாடி ஒரு கிளாஸ்ல சேந்தேன். எந்த கிளாஸ்னு வேணாம், சொல்லிக்குடுத்தவங்க தங்கமானவங்க, (அதாவது கண்ணு-க), ஆனா அவங்க முறை என்னன்னா எல்லாத்தையும் தமிழ் எழுத்துல எழுதிப் போடுவாங்க. "எழுத்து அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல பேச்சு வரட்டும்"னாங்க. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. எட்டு மாசம். ரெண்டு நோட்டு முழுசா நிரப்பிட்டேன், வரிசையா சொல்லுவேன், என் பேரு இது, நான் இங்க வேலை பாக்குறேன், இது புத்தகம், அது ஜன்னல்னு. அப்புறம் ஒரு நாள் தெரிஞ்சவங்க ஒருத்தங்க ஜப்பான் போயிட்டு வந்தப்ப ஒரு காலண்டர் குடுத்தாங்க, "நீங்கதான் ஜப்பானியம் படிக்கிறீங்களே"ன்னு. பிரிச்சு பாத்தேன். தேதி மட்டும் நம்ம 1, 2, 3. மத்தபடி ஒரு எழுத்து, ஒரே ஒரு எழுத்து படிக்கத் தெரியல. எட்டு மாசம் படிச்ச மொழில என்ன கிழமைன்னு படிக்கத் தெரியாம காலண்டர கையில வெச்சிட்டு நின்னேன் பாருங்க, அன்னைக்கு வந்த வெக்கம் இன்னும் போகல.

அன்னைக்கு ராத்திரியே அந்த ரெண்டு நோட்டையும் பரண்ல போட்டுட்டு ஹிரகானால இருந்து ஆரம்பிச்சேன். அதனாலதான் உங்க கிட்ட ஒரே ஒரு கோரிக்கை வெக்கிறேன், இந்த லெட்டரோட சாரமே அதுதான்: விளக்கத்த தமிழ்ல எவ்வளவு வேணா போடுங்க, வார்த்தைய மட்டும் ஜப்பானிய எழுத்துல போடுங்க. தமிழ் எழுத்துல போடாதீங்க.

"ஐயோ அந்த எழுத்தா, பூச்சி ஊர்ந்த மாதிரி இருக்குமே"ன்னு பயப்படுறவங்களுக்கு சொல்றேன். மூனு விதமா எழுத்து இருக்கு, அதுல மொத ரெண்டும் சத்தத்துக்கான எழுத்து, ஹிரகானா, கதகானா, ரெண்டுலயும் அடிப்படை எழுத்து 46 தான். ஹிரகானா வளைஞ்சு வளைஞ்சு இருக்கும், கதகானா நேர்க்கோடா குச்சி குச்சியா இருக்கும். ரெண்டுக்கும் சத்தம் ஒன்னேதான். 247 எழுத்து படிச்சு வந்தவங்க நாம, 46-க்கு பயப்படலாமா. ஒன்னு மட்டும் ஒத்துக்கிறேன், நம்ம எழுத்துல க தெரிஞ்சா கி, கு, கெ, கொ எல்லாம் அதுல கொம்பும் காலும் சேத்து ஊகிச்சிடலாம், அவங்களுதுல க-வுக்கும் கி-க்கும் பாக்க சொந்தமே இருக்காது, ஒவ்வொன்னும் தனியாத்தான் மண்டைல ஏத்தணும். எனக்கு ஹிரகானாவுக்கு மூனு வாரம் ஆச்சு, தினம் அரை மணி நேரம், கையால எழுதி எழுதி. ஆப்ல தட்டி தட்டி படிச்சதெல்லாம் ரெண்டு நாள்ல மறந்துச்சு, நோட்ல எழுதுனது நின்னுச்சு. அதுவும் எந்த கோடு மொதல்ல, எந்த கோடு அப்புறம்னு ஒரு வரிசை இருக்கு, அத மதிச்சு எழுதுனாத்தான் கைக்கு பழகும்.

குழப்புற எழுத்துங்க இருக்கு. 'நு'வும் 'மெ'யும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும், வால்ல ஒரு சின்ன சுழி இருந்தா நு. 'ரெ', 'நெ', 'வ' மூனும் ஒரே குச்சில கட்டுன மாதிரி, கடைசி வளைவு எங்க போகுதுன்னு பாக்கணும். கதகானால 'ஷி'யும் 'ட்ஸு'வும் இருக்கே, அது ஒரு பெரிய சோதனை, ரெண்டு சின்ன கோடு ஒரு பெரிய கோடு, சின்னது படுத்த மாதிரி இருந்தா ஷி, நின்ன மாதிரி இருந்தா ட்ஸு. நம்ம ர-வையும் துணைக்காலையும் புதுசா படிக்கிறவங்க பாத்தா அவங்களுக்கும் இப்படித்தானே இருக்கும், நமக்கு என்னைக்காவது குழம்புதா.

இங்க நம்மாளுங்களுக்கு ஒரு பரிசு காத்திருக்கு, அத உங்க தொடர்ல யாரும் சொல்லல. அவங்க எழுத்து வரிசைய கேளுங்க: அ, இ, உ, எ, ஒ. நம்ம குறில் அஞ்சும் அதே வரிசைல! அப்புறம் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம்ம க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ-ல அவங்க கிட்ட இல்லாத சத்தத்தையெல்லாம் எடுத்துட்டு பாருங்க, க ச த ந ப ம ய ர வ. ப இருக்க வேண்டிய இடத்துல ஹ இருக்கேன்னு கேப்பீங்க, அந்த ஹ பழைய காலத்துல ப-வாத்தான் இருந்துச்சுன்னு மொழி ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. இது எப்படின்னா புத்த மதத்தோட சேந்து இந்திய எழுத்து வரிசைப் படிப்பும் அங்க போச்சு, சித்தம்ங்கற எழுத்துல சமஸ்கிருதம் படிச்ச பிக்குகள் வழியா வந்த வரிசை இது. அகராதி முழுக்க இந்த வரிசைலதான் இருக்கும். இங்கிலீஷ் மட்டும் தெரிஞ்சவங்க இத மனப்பாடம் பண்ணணும், நாம அகராதிய பிரிச்சு விரல வெச்சா போதும். தமிழ் எழுத்துல பாடம் நடத்துனா இந்த சுகம் கிடைக்கவே கிடைக்காது.

நெடில், ஒற்று ரெண்டும் நமக்கு தண்ணி பட்ட பாடு. ஒபசன்னா அத்தை, ஒபாசன்னா பாட்டி. பிரு-ன்னா கட்டடம், பீரு-ன்னா உங்களுக்கே தெரியும். கிதெ-ன்னா 'வந்து', கித்தெ-ன்னா ஸ்டாம்பு. இங்கிலீஷ்காரங்க இதுல தடுமாறுவாங்க, நமக்கு குறில் நெடில் ரத்தத்துலயே இருக்கு. அந்த கித்தெ-ல வர்ற த்-க்கு அவங்க ஒரு குட்டி 'ட்ஸு' எழுத்து போடுவாங்க, சத்தமே இல்லாத எழுத்து, அடுத்த எழுத்த இரட்டிப்பாக்கும். நம்ம ஒற்றுதான், புள்ளி இல்லாம.

கதகானா, வெளிநாட்டு வார்த்தைக்கு. எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி இதுதான், ஏன்னா படிச்சதும் பாதி அர்த்தம் தானா வரும். பர்சனல் கம்ப்யூட்டர வெட்டி 'பசொகொன்', ரிமோட் கண்ட்ரோல வெட்டி 'ரிமொகொன்'. 'பொதன்'னு ஒன்னு இருக்கும், தென்-தென் போட்ட ஹொ, அதாவது அதிர்ற பொ, நம்ம பொத்தான்தான்! ரெண்டு பேரும் போர்த்துகீசியர் கிட்டருந்து வாங்குனது, அவங்க ஜப்பான்ல மொத மொதல்ல கரை இறங்குனது 1543-ல. கடலோடி வந்தவங்க ஆளுக்கு ஒரு பொத்தான் குடுத்துட்டு போயிருக்காங்க.

இப்ப உங்க தொடர் எழுதுறவங்க மொத வாரம் சொன்ன விஷயத்துக்கு வர்றேன், தமிழும் ஜப்பானியமும் அண்ணன் தம்பி மொழி, அதனால தமிழருக்கு ஜப்பானியம் ரொம்ப ஈஸின்னு. சுசுமு ஓனொன்னு ஒரு பெரிய ஜப்பானிய மொழி அறிஞர் அப்படி ஒரு உறவு இருக்குன்னு பல வருஷம் உழைச்சு எழுதுனார், உண்மை, ஆனா மொழியியல்காரங்க பெரும்பாலும் அத ஏத்துக்கல, அதையும் ஒரு வரி சேத்து போட்டிருக்கலாம். சொந்தமா இல்லையாங்கறது எனக்கு முக்கியமே இல்ல. சொந்தம் இல்லாத பக்கத்து வீட்டுக்காரங்க கூட நம்மள மாதிரியே பேசலாம் இல்லையா. வாக்கியம் நம்ம மாதிரியே ஓடும், வினை கடைசில வரும், உருபு பேருக்கு பின்னாடி ஒட்டும், ஒ-ன்னா ஐ, நி-ன்னா க்கு, கர-ன்னா இருந்து, மதெ-ன்னா வரைக்கும், மொ-ன்னா உம், கேள்விக்கு கடைசில க, நம்ம ஆ மாதிரி. வீட்டவிட்டு கெளம்புறப்ப அவங்க சொல்றது 'இத்தெ கிமஸ்', வார்த்தைக்கு வார்த்தை போட்டா 'போயிட்டு வர்றேன்'. நம்மள மாதிரியே வெறுமன போறேன்னு சொல்லிட்டு படி இறங்குறது இல்ல.

இன்னும் இருக்கு. செஞ்சு பாரு-ன்னு நாம சொல்றதுல பாக்குறது எங்க இருக்கு, முயற்சி பண்ணுன்னுதானே அர்த்தம், அவங்களும் செய்யறதோட 'மிரு'ங்கற பாக்குறத சேத்துத்தான் அத சொல்றாங்க. வாங்கி வை-ங்கறதுக்கு வாங்கி-யோட 'ஒகு', வைக்கிறது. சாப்டுட்டேன்ல வர்ற விட்டேனுக்கு ஒரு 'ஷிமத்த'. 'போறேன்னு சொன்னாங்க'ல இருக்கற 'ன்னு'வுக்கு அச்சு அசலா 'தொ'. இங்கிலீஷ் வழியா படிக்கிறவங்க இந்த ஒவ்வொன்னுக்கும் ஒரு பக்க விளக்கம் படிக்கிறாங்க, நமக்கு ஒரு வரி போதும். அப்புறம் கொரெ, சொரெ, அரெ, தொரெ. இது, உது, அது, எது. 'உது' யாழ்ப்பாணத் தமிழ்ல இன்னும் உயிரோட இருக்கு, உங்க கிட்ட இருக்கற பொருளுக்கு உது, தூரத்துல இருக்கறதுக்கு அது, சரியா அதே கணக்குதான் சொரெ-க்கும் அரெ-க்கும்.

இவ்ளோ இருந்தும் நான் காலண்டர் முன்னாடி முழிச்சேன் பாருங்க. இலக்கணம் கதவு வரைக்கும் கொண்டு வந்து விடும், கதவத் திறக்குறது எழுத்துதான்.

படிக்க ஆரம்பிச்சதும் மொத அதிர்ச்சி, வார்த்தைக்கு நடுவுல இடமே விட மாட்டாங்க. எங்க ஒன்னு முடிஞ்சு எங்க இன்னொன்னு ஆரம்பிக்குதுன்னு தெரியாது. நம்ம ஓலைச்சுவடி அப்படித்தான் இருந்துச்சு, இடமும் இல்ல, புள்ளியும் இல்ல, படிச்சாங்களே. அதோட 'ஹ'ன்னு எழுதி உருபா வந்தா 'வ'ன்னு படிக்கணும், 'ஹெ'ன்னு எழுதி 'எ'ன்னு படிக்கணும், 1946-ல எழுத்துக்கூட்டல திருத்துனப்ப பெரும்பாலானத சரி பண்ணிட்டு இத மாதிரி சிலத மட்டும் பழையபடி விட்டுட்டாங்க. தமிழ் எழுத்துல படிச்சவங்களுக்கு இது தெரியவே தெரியாது, நேரா 'வ'ன்னு போட்டுடுவாங்க, அப்புறம் நிஜ புத்தகத்துல ஹ-வ பாத்து திணறுவாங்க. நான் திணறினேன்.

இந்த இடத்துல கான்ஜி வருது, சீனாலருந்து வந்த எழுத்து, எல்லாரும் பயப்படுறது. நானும் அத வில்லன்னுதான் நெனச்சிருந்தேன். ஒரு நாக்குப்பிறழ் வாக்கியம் இருக்கு: 'நிவ நி வ நிவ நிவதொரி க இரு'. தோட்டத்துல ரெண்டு கோழி இருக்குன்னு அர்த்தம். இத வெறும் ஹிரகானால எழுதுனா நிவநிவநிவநிவன்னு ஒரே கூச்சல். தோட்டம், ரெண்டு, கோழி மூனுக்கும் கான்ஜி போட்டு எழுதுனா ஒரு நொடில கண்ணுல பிரிஞ்சிடும், ஏன்னா கட்டை எழுத்தா கான்ஜி வந்தா புது வார்த்தை ஆரம்பிக்குது, அதுக்கு பின்னாடி வர்ற வளைஞ்ச ஹிரகானா அதோட வால். இடம் விடாம எழுதறதோட ரகசியமே இதுதான். அன்னைக்குத்தான் கான்ஜி மேல இருந்த கோவம் போச்சு.

என் மொத ஏழு கான்ஜி அந்த காலண்டர்லருந்துதான். ஞாயிறு சூரியன், திங்கள் நிலா, இது ரெண்டும் நம்மளுதும் அதேதான். செவ்வாய்க்கு நெருப்பு, புதனுக்கு தண்ணி, வியாழனுக்கு மரம், வெள்ளிக்கு தங்கம், சனிக்கு மண்ணு. இது என்னடா சம்பந்தமே இல்லாமன்னு பாத்தா, செவ்வாய் கிரகத்துக்கு அவங்க பேரு நெருப்பு நட்சத்திரம், புதன் கிரகம் தண்ணி நட்சத்திரம், வியாழன் மர நட்சத்திரம், அப்படியே வரிசையா. அதே ஏழு கிரகம், அதே ஏழு நாள், ஒன்னு கூட தப்பல. வேடிக்கை என்னன்னா நமக்கு வெள்ளிக்கிழமை, அவங்களுக்கு அதே நாள் 'கின்-யோபி', தங்கக்கிழமை. உங்க சொல் பட்டியல்ல ரெண்டு கின்னும் ஒன்னாயிட்டதுக்கு இதுதான் காரணமோன்னு கூட ஒரு நிமிஷம் நெனச்சேன்!

கான்ஜில நிஜமாவே கஷ்டம் என்னன்னா ஒரு எழுத்துக்கு பல வாசிப்பு. சூரியன் எழுத்து இருக்கே, அதுக்கு நாள்னும் அர்த்தம், 'நிசியோபி'ன்னு ஞாயித்துக்கிழமைய எழுதுனா மொதல்லயும் அதே எழுத்து, கடைசிலயும் அதே எழுத்து, மொதல்ல 'நிசி', கடைசில 'பி'. இது எனக்கு ரொம்ப நாள் புரியல, எங்க பொண்ணுதான் ஒரு நாள் சாதாரணமா சொன்னா, "அம்மா, 20 பேருன்னு எழுதிருந்தா என்னன்னு படிப்ப, இருபது பேரு. டி20 மேட்ச்னு எழுதிருந்தா? டி-இருபதுன்னா படிப்ப? ட்வென்ட்டி. அதே 20 தானே"ன்னு. அவ்ளோதான் சார், மண்டைல பல்பு எரிஞ்சிடுச்சு. தனியா நின்னா சொந்த மொழி வாசிப்பு, கூட்டுச்சொல்லுல வந்தா பெரும்பாலும் சீனாலருந்து வந்த வாசிப்பு. நாம தினமும் பண்றதுதான், கவனிக்கறதில்ல. 2-ங்கறத ரெண்டுன்னு படிக்கிறோம், 200-ல இரு-ன்னு ஆயிடுது. அதனால ஒரு கான்ஜியோட எல்லா வாசிப்பையும் பட்டியல் போட்டு நெட்டுரு போடாதீங்க, வார்த்தையா படிங்க, வாசிப்பு தானா ஒட்டிக்கும்.

தேதி மட்டும் கொஞ்சம் அடம் பிடிக்கும். 4-ஆம் தேதி யொக்க, 8-ஆம் தேதி யோக. ஒற்று ஒரு பக்கம் நெடில் ஒரு பக்கம். நமக்கு கேக்குறப்ப ஈஸி, படிக்கிறப்பதான் கண்ண கசக்கிட்டு பாக்கணும்.

எவ்ளோ கான்ஜி தெரியணும்னு எல்லாரும் கேப்பாங்க. அரசாங்கத்தோட பொதுப் புழக்கப் பட்டியல்ல 2136 இருக்கு, 2010-ல திருத்துனது. அங்க ஆரம்பப் பள்ளி ஆறு வருஷத்துல புள்ளைங்க படிக்கிறது 1026, அதுலயும் ஒன்னாங்கிளாஸ்ல வெறும் 80. மொழிய பேசிட்டே வளர்ற புள்ளைங்களுக்கே வருஷத்துக்கு 80, 160, 200-ன்னுதான் குடுக்குறாங்க, நமக்கு என்ன அவசரம். "30 நாளில் ஆயிரம் கான்ஜி"ன்னு போன்ல விளம்பரம் வர்றப்ப எல்லாம் எனக்கு அந்த 80 ஞாபகம் வந்து சிரிப்பு வரும்.

படம் மாதிரி ஞாபகம் வெச்சுக்கோங்க, மரம் ஒன்னுன்னா மரம், மூனு சேந்தா காடுன்னு சொல்லிக்குடுப்பாங்க. அழகாத்தான் இருக்கும், ஆனா அது கொஞ்ச எழுத்துக்குத்தான் ஓடும். பெரும்பாலான கான்ஜி ஒரு பக்கம் அர்த்தம், இன்னொரு பக்கம் சத்தம்னு ஒட்டவெச்சது. நீலத்துக்கு ஒரு எழுத்து இருக்கு, சீன வாசிப்பு 'செய்'. அது பக்கத்துல சூரியன வெச்சா தெளிஞ்ச வானம், அதுவும் செய். தண்ணியோட மூனு துளிய வெச்சா சுத்தம், அதுவும் செய். பேச்சு எழுத்த வெச்சா வேண்டிக்கேக்குறது, அதுவும் செய். இது புரிஞ்சதுக்கு அப்புறம் புது எழுத்த பாத்தா பாதி சத்தமும் பாதி அர்த்தமும் யூகிக்க முடியுது. எப்பவும் சரியா வராது, ஆனா இருட்டுல ஒரு டார்ச் கிடைச்ச மாதிரி.

படிக்கத் தெரிஞ்சாச்சு, புரியணுமே. அதுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. நம்ம வினைல ஆள் இருக்கும், வந்தேன்னா நான், வந்தாங்கன்னா அவங்க. அவங்க வினைல ஆளே இருக்காது, 'இகிமஸ்'னா போறேனும்தான், போறாரும்தான், போறோமும்தான், அதுக்கு மேல எழுவாயையும் சொல்லாம விட்டுடுவாங்க. அப்ப யாரு யாருக்கு செஞ்சான்னு எப்படி கண்டுபிடிக்கிறது? குடுக்குற வினைய பாக்கணும். 'கொடு'க்கு ரெண்டு வார்த்தை, எனக்கோ என்னச் சேந்தவங்களுக்கோ வந்தா 'குரெரு', நான் வெளில குடுத்தா 'அகெரு'. தொல்காப்பியத்துல இதே மாதிரி ஒரு கணக்கு இருக்கு, 'தா'ங்கறது தன்மைக்கும் முன்னிலைக்கும், 'கொடு'ங்கறது படர்க்கைக்குன்னு. நாம இப்ப ரெண்டையும் கலந்துட்டோம், அவங்க இன்னும் கறாரா வெச்சிருக்காங்க. கதைல குரெரு வந்தா உதவி சொல்றவன் பக்கம் வந்திருக்கு, அத பிடிச்சிட்டா பெயரே இல்லாத பத்தி கூட புரியும். எனக்கு இத சொல்லிக்குடுக்க ஒரு ஆப்பும் இல்ல, ஆப் எல்லாம் இங்கிலீஷ்ல விளக்குது, அவங்களுக்கு எல்லாமே 'கிவ்' தான். ஜப்பானியத்த இங்கிலீஷ் ஆக்கி வினைய நடுவுல தூக்கிப்போட்டு, அத மறுபடி தமிழாக்கி கடைசிக்கு இழுத்துட்டு வர்றது ரெட்டை வேலை. நேரா பேச்சுத்தமிழுக்கு கொண்டு வந்து பாருங்க, வரிசை கூட மாத்த வேண்டியதில்ல. இதுக்குத்தான் சொல்றேன், விளக்கம் தமிழ்ல வேணும், உங்க தொடர் ரொம்ப அவசியமான தொடர்.

போன வாரம் வாசகர் ஒருத்தர் ஜேஎல்பிடி, அதாவது ஜப்பானிய மொழித் திறன் பரீட்சைல, மொத படியான என்5 பாஸ் பண்ணா பேச்சு சரளமா வந்துடும்னு எழுதியிருந்தார். அவர் மனசு நோகக் கூடாது, ஆனா அந்த பரீட்சைல பேச்சே கிடையாது, கையால எழுதறதும் கிடையாது, எல்லாம் டிக் அடிக்கிறது, படிக்கிறதும் கேக்குறதும்தான். 1984-ல ஆரம்பிச்சது, 2010-லருந்து என்5 தொடங்கி என்1 வரைக்கும் அஞ்சு படி. என்5-ல 180-க்கு 80 எடுத்தா போதும், ஆனா வாசிப்புப் பகுதிக்கும் கேக்குற பகுதிக்கும் தனித்தனி குறைந்தபட்ச மார்க் வேற இருக்கு. வினாத்தாள் முழுக்க ஜப்பானிய எழுத்து. தமிழ் எழுத்துலயே படிச்சு வந்தவங்க கேள்விக்குள்ள போறதுக்கே வழி இல்ல.

ஆசிரியர் சார், உங்க சிரமம் எனக்கு தெரியும். ஃபான்ட் பிரச்சனை வரும், பிழை திருத்த ஆள் வேணும், கட்டம் கட்டமா அச்சாயிடுமோன்னு பயம் இருக்கும், அந்த பயத்துலதான் நானும் இந்த லெட்டர் முழுக்க அவங்க எழுத்து ஒன்னு கூட போடாம தமிழ்லயே எழுதியிருக்கேன், என் வாதத்துக்கு நானே எதிரா. ஆனா ஜப்பான்ல பத்திரிகை அச்சடிக்கிறவங்க ஒரு வழி வெச்சிருக்காங்க, கஷ்டமான கான்ஜி பக்கத்துல பொடி எழுத்துல ஹிரகானா போட்டு வாசிப்ப காட்டுறது, ஃபுரிகானான்னு பேரு, அச்சு வட்டாரத்துல ரூபின்னு சொல்வாங்க, பழைய இங்கிலீஷ் அச்செழுத்து அளவு ஒன்னோட பேருலருந்து வந்தது. புள்ளைங்க பத்திரிகை, சிறுவர் மாங்கான்னு சொல்ற படக்கதை எல்லாத்துலயும் அது இருக்கும். நீங்களும் மொத ரெண்டு மாசம் மட்டும் ஜப்பானிய எழுத்து மேல பொடியா தமிழ போடுங்க, அப்புறம் அத எடுத்துடுங்க. தமிழ்ல போடுறப்ப அந்த அதிர்ற சத்தத்துக்கு எழுத்துக்கு கீழ ஒரு கோடாவது போட்டுடுங்க, தங்கமும் வெள்ளியும் பிரிஞ்சிடும்.

இன்னொன்னு, பாடத்துக்கு கீழ நாலே நாலு வரி நிஜமான வாசகம் போடுங்க, நீங்களா கட்டுன "இது பேனா" வேணாம். 1995 ஜனவரில கோபே பக்கம் பெரிய பூகம்பம் வந்தப்ப வெளிநாட்டுக்காரங்களுக்கு எச்சரிக்கை புரியாம அவதிப்பட்டதுக்கு அப்புறம்தான் 'யசஷீ நிஹொங்கொ', எளிய ஜப்பானியம்னு ஒரு முறை அங்க பரவுச்சு, சின்ன வாக்கியம், சாதாரண வார்த்தை, கான்ஜிக்கு ஃபுரிகானா. அவங்க பொது ஒலிபரப்பு நிறுவனம் என்ஹெச்கே-யும் அந்த மாதிரி நடைல செய்தி போடுது. நான் மொத மொதல்ல முழுசா படிச்சு முடிச்சது அப்படி ஒரு மழைச் செய்திதான், ஆறு வரி, ஒன்னேகால் மணி நேரம். முடிச்சிட்டு வீட்டுக்காரர கூப்பிட்டு நாளைக்கு ஹொக்கைதோல மழை வருதாம்னேன். நமக்கு என்னடி அதனாலன்னாரு. எனக்கு தலைகால் புரியல அன்னைக்கு.

பரண்ல இருக்கற அந்த ரெண்டு நோட்டையும் போன மாசம் எடுத்துப் பாத்தேன். மொத நோட்டு பன்னெண்டாவது பக்கத்துல நானே எழுதி வெச்சிருக்கேன், 'ககி' - சாவி. அதுக்கு அடுத்த பக்கத்துல 'ககி' - சிப்பி. எது எந்த க-ன்னு இன்னைக்கு பாத்தா எனக்கே ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டியிருக்கு.

அடுத்த ஞாயித்துக்கிழமை அந்த சொல் பட்டியலுக்கு ஒரு திருத்தம் போட்டுடுங்க, வீட்டுக்காரர் மெடல் கேள்விய விடுறதா இல்ல.

இப்படிக்கு,
உங்க நெடுநாள் வாசகி